வாசிக்காதவரைப் பாருங்கள்

1952 பிப்ரவரி 24. நியூயார்க்கில் டுமாண்ட் தொலைக்காட்சியின் ஒரு பல்சுவை நிகழ்ச்சி. நடத்துபவர் ஏர்ல் வில்சன், பிராட்வே வட்டாரத்துக் கிசுகிசு எழுதிப் பெயர் வாங்கிய பத்திரிகையாளர். 'டவுன்பீட்' இசைப் பத்திரிகையின் விருதுகளை வாங்கிக்கொள்ள ஜாஸ் கலைஞர்கள் இருவர், சாக்ஸபோன் வாசிக்கும் சார்லி பார்க்கரும் டிரம்பெட் வாசிக்கும் டிஸி கில்லெஸ்பியும், வந்து நிற்கிறார்கள். வில்சனின் பேச்சில் ஒரு இளக்காரம். இப்படி இரண்டு பேர் இந்த மேடைக்கு வந்ததே பெரிய விஷயம் என்கிற தொனி. கடைசியில், வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்கிறார். பார்க்கர் முகத்தில் சிரிப்பே இல்லை. பேச்சைவிட இசை உரக்கப் பேசும் என்பார்கள், எங்கள் கருத்தை அப்படியே சொல்லிக்கொள்கிறோம் என்கிறார், மிக மரியாதையாக. அப்புறம் 'ஹாட் ஹவுஸ்' என்ற மெட்டு தொடங்குகிறது.

பார்க்கர் உண்மையிலேயே வாசிப்பதை ஒலியோடு சேர்த்துப் பார்க்க நமக்கு மிஞ்சியிருப்பது அநேகமாக இது ஒன்றுதான். 1950இல் எடுத்த ஒரு படச்சுருள் இருக்கிறது. ஆனால் அதில் முன்பே பதிவு செய்த இசைக்கு வாயசைப்பதுபோல வாசித்துக் காட்டுகிறார். ஒரு நூற்றாண்டின் இசையையே திருப்பிப் போட்ட மனிதரின் சான்று, யாரும் பெரிதாக மதிக்காத ஒரு நிகழ்ச்சியின் சில நிமிடங்கள். அதிலும் பாதி விருது கொடுக்கும் சடங்கு.

பழைய அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஜாஸ் கலைஞர்கள் வந்துபோன இந்தத் துண்டுகளை யூடியூபில் தேடித் தேடிப் பார்ப்பது எனக்கு நெடுநாள் பழக்கம். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று என்று ஆரம்பித்தால் மணி பன்னிரண்டு ஆகிவிடும். இசையை மட்டும் கேட்க வேண்டுமென்றால் இசைத்தட்டுகள் போதும், ஒலி அவற்றில்தான் நன்றாக இருக்கும். இந்தப் படங்களில் எனக்கு வேண்டியது வேறு. இசைத்தட்டில் கேட்பது வாசிப்பவரை. தன் முறைக்காகக் காத்திருப்பவர், தன் முறை முடிந்து ஒதுங்கி நிற்பவர், பக்கத்தில் கேட்டுக்கொண்டிருப்பவர் எல்லாம் அதில் இல்லவே இல்லை. நம் கச்சேரியில் பாடகர் ஒரு சங்கதி போட்டதும் கண் தானாக வயலின்காரர் முகத்துக்குப் போகிறதல்லவா, அப்படித்தான் நான் இவற்றைப் பார்க்கிறேன். பழகிவிட்டால் விடாது.

முதலில் ஒரு விஷயம். இவற்றில் பெரும்பகுதி அழிந்துவிட்டது. அன்றைக்கு நிகழ்ச்சிகள் நேரலையாகப் போயின. வீடியோ நாடா 1956இல்தான் வந்தது. அதுவரை ஒரு நிகழ்ச்சியைச் சேமிக்க ஒரே வழி, தொலைக்காட்சித் திரைக்கு எதிரே ஒரு படக்கேமராவை வைத்துப் படம் பிடிப்பது. கினஸ்கோப் என்பார்கள். நாம் பார்க்கும் அந்தச் சாம்பல் மங்கல், ஓரம் வளைந்த கோடுகள் எல்லாம் அதனால்தான். டுமாண்ட் நிறுவனம் மூடிய பிறகு அதன் கினஸ்கோப் சுருள்கள் என்ன ஆயின என்று நடிகை ஈடி ஆடம்ஸ் 1996இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் விசாரணையில் சொன்னார். எழுபதுகளில் லாரிகளில் ஏற்றி, படகில் மாற்றி, நியூயார்க் துறைமுக நீரில் கொட்டினார்களாம்.

அப்படி இல்லாமலே போனவற்றில் ஹேசல் ஸ்காட்டின் நிகழ்ச்சியும் ஒன்று. டிரினிடாட்டில் பிறந்த பியானோ கலைஞர். 1950 கோடையில் டுமாண்ட் அவருக்குச் சொந்தமாகவே ஒரு நிகழ்ச்சி கொடுத்தது. கறுப்பினப் பெண் ஒருவருக்கு அமெரிக்கத் தொலைக்காட்சியில் கிடைத்த ஆரம்பகால நிகழ்ச்சிகளில் ஒன்று அது. அதே கோடையில் கம்யூனிஸ்ட் அனுதாபிகள் என்று ஒரு பட்டியல் வெளியானது, அதில் அவர் பெயர் இருந்தது. செப்டம்பரில் அவரே நாடாளுமன்றக் குழு முன் போய் மறுத்துப் பேசினார். ஒரு வாரத்தில் நிகழ்ச்சி நின்றது. ஒரு பகுதிகூட இன்று கிடைக்கவில்லை.

கறுப்பினப் பாடகர் நாட் கிங் கோல் கதை எல்லோருக்கும் கொஞ்சம் தெரியும். 1956 நவம்பரில் என்பிசியில் வாரா வாரம் பதினைந்து நிமிடமாகத் தொடங்கி, அடுத்த கோடையில் அரை மணி நேரமாக வளர்ந்து, 1957 டிசம்பரில் முடிந்தது. பார்வையாளர்கள் இருந்தார்கள். ஆனால் நாடு முழுவதற்குமான விளம்பரதாரர் ஒருவர்கூட வரவில்லை. தென் மாநிலங்களில் சரக்கு விற்காது என்ற பயம். பாடகி எல்லா ஃபிட்ஜெரால்ட் மாதிரி நண்பர்கள், கலைஞர்களின் தொழிற்சங்கம் விதித்த குறைந்தபட்சக் கூலிக்கு வந்து பாடிக்கொடுத்தார்கள்.

இதில் எனக்குப் பிடித்தது வேறு. கோல் அன்றைக்கு உலகம் அறிந்த காதல் பாட்டுக்காரர், ஆனால் நாற்பதுகளின் தொடக்கத்தில் அவர் ஜாஸ் பியானோவில் முதல் வரிசை ஆள். அவருடைய பியானோ, கிதார், பாஸ் மூவர் அணியைப் பார்த்துத்தான் ஆஸ்கர் பீட்டர்சன் தன் அணியை அமைத்தார். பீட்டர்சனும் சாக்ஸபோன் கலைஞர் கோல்மன் ஹாக்கின்ஸும் கோல் நிகழ்ச்சிக்கு வந்த பகுதியில், கோல் பாடிக்கொண்டு நிற்கிறார், பியானோ பீட்டர்சனிடம். அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தில் பாடகரைப் பார்க்காதீர்கள், பியானோவைக் கேட்டுக்கொண்டிருக்கும் பழைய பியானோக்காரரைப் பாருங்கள்.

அந்த வருடம், 1957, இந்தப் படங்களைச் சேர்ப்பவர்களுக்கு ஒரு தங்கச் சுரங்கம். செப்டம்பரில் ஆர்கன்சாவின் லிட்டில் ராக் நகரில் கறுப்பினப் பிள்ளைகளைப் பள்ளிக்குள் விடாமல் ஆளுநர் படையை நிறுத்தினார். எப்போதும் சிரித்த முகமாகவே அறியப்பட்ட டிரம்பெட் கலைஞர், பாடகர் லூயி ஆர்ம்ஸ்ட்ராங் ஒரு சிறு ஊர்ப் பத்திரிகையாளரிடம் வெடித்தார், அதிபர் ஐசனோவருக்கு முதுகெலும்பு இல்லை என்று. ரஷ்யாவுக்கு அரசு அனுப்பவிருந்த பயணத்தையும் தூக்கி எறிந்தார். ஒரு மாதம்கூட ஆகவில்லை, அக்டோபர் 13 அன்று ஃபோர்டு நிறுவனம் தன் புதிய எட்சல் காரை விற்க நடத்திய ஒரு மணி நேரச் சிறப்பு நிகழ்ச்சியில் பாடகர்கள் பிங் கிராஸ்பியோடும் சினாட்ராவோடும் அவர் நிற்கிறார், கிராஸ்பியோடு சேர்ந்து ஜாஸ் என்றால் என்ன என்று விளக்கும் பாட்டு பாடுகிறார். கார் படுதோல்வி. நிகழ்ச்சி வீடியோ நாடாவில் பிழைத்துவிட்டது. அந்த வகையில் நம்மிடம் உள்ள மிகப் பழையவற்றில் ஒன்று.

பல்சுவை நிகழ்ச்சிகளின் ஆர்ம்ஸ்ட்ராங்கைப் பார்த்துச் சலித்துக்கொள்பவர்கள் உண்டு. கைக்குட்டை, அகலச் சிரிப்பு, உருட்டும் கண்கள். கில்லெஸ்பியின் தலைமுறையே அதைக் கிண்டல் செய்தது. ஆனால் லிட்டில் ராக் நினைவோடு அந்த எட்சல் துண்டைப் பார்த்தால் அந்தச் சிரிப்பு அவ்வளவு எளிய விஷயமாகத் தெரியாது.

இனி 1957 டிசம்பர் 8. ஞாயிறு மாலை ஐந்து மணி, சிபிஎஸ். நிகழ்ச்சியின் பெயர் 'தி சவுண்ட் ஆஃப் ஜாஸ்'. கண்டிப்பாகச் சொன்னால் இது பல்சுவை நிகழ்ச்சி இல்லை, கலைகளைப் பற்றிய ஒரு ஞாயிற்றுக்கிழமைத் தொடரின் ஒரு மணி நேரம். ஆனால் பல்சுவை நிகழ்ச்சிகள் ஜாஸுக்கு என்ன செய்யத் தவறின என்பது இதைப் பார்த்தால்தான் புரியும். தயாரிப்பாளர் ராபர்ட் ஹெரிட்ஜ், இசை விமர்சகர்கள் நாட் ஹென்டாஃப், விட்னி பாலியட் இருவரையும் அழைத்து, யார் வேண்டுமோ அவர்களைக் கூப்பிடுங்கள் என்றார். அவர்கள் கூப்பிட்டவர்கள் வந்தார்கள். கவுண்ட் பேஸி, தெலோனியஸ் மாங்க், கோல்மன் ஹாக்கின்ஸ், ரெட் ஆலன், ஜிம்மி ரஷிங், பாடகி பில்லி ஹாலிடே.

மேடை அலங்காரம் கிடையாது. வெறும் ஸ்டுடியோ, மேலே விளக்குக் கம்பிகள் தெரிகின்றன, சட்டகத்துக்குள் இன்னொரு கேமரா தெரிகிறது. யாரும் ஒரே மாதிரி உடை போடவில்லை. தொப்பி, ஸ்வெட்டர், வாயில் சிகரெட். ஒத்திகைக்கு வந்தவர்கள் அப்படியே இருந்துவிட்டார்கள் போல. ஹாலிடே இதற்கென்று ஐந்நூறு டாலருக்குக் கவுன் வாங்கி வைத்திருந்தாராம். சாதாரண உடை போதும் என்று ஹென்டாஃப் சொன்னபோது நன்றாகத் திட்டு வாங்கியிருக்கிறார். கடைசியில் ஸ்வெட்டரோடு, தலைமுடியைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து உயரமான முக்காலியில் உட்கார்ந்தார்.

அவர் வருவதே சந்தேகமாக இருந்தது. போதைப்பொருள் வழக்கில் 1947இல் சிறை சென்றவர். வெளியே வந்த பிறகு நியூயார்க்கில் மது விற்கும் விடுதிகளில் பாட வேண்டிய போலீஸ் அனுமதி அட்டை அவருக்குக் கிடைக்கவே இல்லை. அந்த ஊரின் ஒரு சின்ன கிளப்பில் பாடக் கூடாது, ஆனால் நாட்டு மக்கள் அனைவரின் வீட்டுக் கூடத்திலும் பாடலாமா? சிறைக்குப் போனவரை, அதுவும் ஞாயிற்றுக்கிழமை, வீடுகளுக்குள் கொண்டுவரக் கூடாது என்று மேலிருந்து ஒரு குறிப்பு வந்ததாகவும், ஹாலிடே இல்லையென்றால் நாங்களும் இல்லை என்று ஹெரிட்ஜ் பதில் சொன்னதாகவும் ஹென்டாஃப் பின்னால் எழுதினார்.

சரி, முதலில் மாங்க். 'ப்ளூ மாங்க்' வாசிக்கிறார். பியானோவின் எதிர்ப்பக்கத்தில், கைக்கெட்டும் தூரத்தில், கவுண்ட் பேஸி உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பேஸியும் பியானோக்காரர்தான், குறைவாக வாசிப்பதற்குப் பெயர் போனவர். மாங்க் ஒரு தவறான சுரம் போல் ஒன்றைக் குத்திவிட்டு, அடுத்த நொடி அதைச் சரியென்று ஆக்குகிறார். பேஸி முகம் மலர்கிறது. ஹாக்கின்ஸும் அருகே நின்று கேட்கிறார். பதின்மூன்று ஆண்டுகள் முன்பு, யாரும் மாங்கை வேலைக்கு எடுக்காத காலத்தில், தன் குழுவில் சேர்த்துக்கொண்டவர் அவர். மாங்குக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை என்றும், அடுத்த முறை பேஸி வாசிக்கும்போது நான் போய் உட்கார்ந்து அவரை உற்றுப் பார்க்கிறேன் என்று முணுமுணுத்ததாகவும் ஒரு கதை உண்டு. எனக்கு இரண்டு பேர் பக்கமும் நியாயம் தெரிகிறது. ஆனால் அந்தச் சிரிப்பைப் படம் பிடித்த இயக்குநர் ஜாக் ஸ்மைட்டை நான் மன்னித்துவிடுவேன்.

அப்புறம் அந்த எட்டு நிமிடம். 'ஃபைன் அண்ட் மெல்லோ', ஹாலிடே தானே எழுதிய பாட்டு, 1939இல் 'ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்' இசைத்தட்டின் மறுபக்கம் வந்தது. ப்ளூஸ், பன்னிரண்டு தாள அளவு கொண்ட ஒரு சுற்று திரும்பத் திரும்ப வரும் வடிவம். அவர் பாட, இடையிடையே ஆளுக்கொரு சுற்று. முதலில் பென் வெப்ஸ்டர், டெனர் சாக்ஸபோனில் மூச்சுக் காற்று கேட்கும் அளவுக்கு மெல்ல. பிறகு லெஸ்டர் யங்.

இவர்கள் கதை தெரிந்தால்தான் அடுத்தது புரியும். 1937 முதல் ஹாலிடே பாடிய பல இசைத்தட்டுகளில் பின்னால் ஓடும் டெனர் சாக்ஸபோன் யங்குடையது. அவருக்கு 'லேடி டே' என்று பெயர் வைத்தவர் யங், யங்கை 'பிரெஸ்' என்று அழைத்தவர் ஹாலிடே. காதலர்கள் இல்லை, அதைவிடச் சிக்கலான ஏதோ ஒன்று. இடையில் பேச்சு குறைந்துபோனது. 1957இல் யங் குடியால் நலிந்துவிட்டார். அன்று பெரிய குழுவில் அவர் வாசிக்க வேண்டிய இடங்களை மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். இந்த ஒரு பாட்டுக்கு மட்டும் வைத்திருந்தார்கள், எழுந்து நிற்க வேண்டாம், உட்கார்ந்தே வாசியுங்கள் என்று சொல்லி.

அவர் எழுந்து நின்றார். ஒரே ஒரு சுற்று. வேகம் இல்லை, அலங்காரம் இல்லை, சுரங்களை எண்ணிவிடலாம். கேமரா ஹாலிடே முகத்துக்குப் போகிறது. உதடு லேசாகக் கடிபட, தலை ஆமோதிப்பதுபோல மெதுவாக அசைகிறது. அடுத்து அவர் என்ன வாசிக்கப் போகிறார் என்று முன்னமே தெரிந்த முகம். அது புன்னகையா என்று சொல்லத் தெரியவில்லை. அன்று கட்டுப்பாட்டு அறையில் எல்லோர் கண்ணிலும் நீர் வந்தது என்கிறார் ஹென்டாஃப்.

இதைப் பற்றி எழுதுகிற எல்லோரும் அத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். நான் சொல்ல விரும்புவது அடுத்து வருவதை. பாட்டு தொடர்கிறது. விக் டிக்கன்சன் டிராம்போனில் வருகிறார், பிறகு ஜெர்ரி மல்லிகன், அந்த வட்டத்தில் ஒரு வெள்ளைக்கார இளைஞர். ஹாக்கின்ஸ், பிறகு ராய் எல்ட்ரிட்ஜ் டிரம்பெட்டில் உச்சிக்குப் போய்க் கத்துகிறார். ஒவ்வொருவருக்கும் ஹாலிடே முகம் வேறு. மல்லிகனுக்கு ஒரு ஆச்சரியம் கலந்த குதூகலம், எல்ட்ரிட்ஜுக்கு உடம்பே ஆடுகிறது. யங்குக்குக் கொடுத்ததை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை, ஆனால் யாரையும் வெறுங்கையோடு அனுப்பவும் இல்லை. பாடகி தன் குழுவைக் கேட்கிறார், முழுக் கவனத்தோடு. சில நாள் முன்பு இதே கலைஞர்கள் பெரும்பாலும் சேர்ந்து இதே பாடல்களை இசைத்தட்டாகவும் பதிவு செய்தார்கள். நல்ல இசைத்தட்டு. இந்த முகம் மட்டும் அதில் இல்லை.

யங் 1959 மார்ச்சில் இறந்தார். ஹாலிடே ஜூலையில்.

'தி சவுண்ட் ஆஃப் ஜாஸ்' முடிந்து மூன்று வாரம் கழித்து, 1957 டிசம்பர் 30, டைமெக்ஸ் கைக்கடிகார நிறுவனம் என்பிசியில் தன் முதல் ஜாஸ் சிறப்பு நிகழ்ச்சியை நடத்தியது. அடுத்த ஓராண்டு சொச்சத்தில் இன்னும் மூன்று. இவைதான் அசல் பல்சுவை. தொகுப்பாளர் நகைச்சுவை, பளபள மேடை, ஒருவர் வாசித்து முடிப்பதற்குள் அடுத்தவர். கடைசியில் எல்லோரையும் ஒரே மேடையில் ஏற்றி ஒரே பாட்டை வாசிக்கச் சொல்வார்கள், காதில் எதுவும் தனியாக விழாது. பெரும்பாலும் ஓட்டிவிட்டுப் பார்க்கலாம். ஆனால் 1959 ஜனவரி 7இல் நடந்த நான்காவதில் ஆர்ம்ஸ்ட்ராங்கும் கில்லெஸ்பியும் சேர்ந்து 'அம்பிரெல்லா மேன்' என்ற விளையாட்டுப் பாட்டை எடுக்கிறார்கள். ஒரு காலத்தில் ஒருவரை ஒருவர் பத்திரிகையில் குத்திக்கொண்டவர்கள். கில்லெஸ்பி ஆர்ம்ஸ்ட்ராங் முன்னால் கோமாளித்தனம் செய்கிறார், பெரியவர் அதற்கு மேல் செய்கிறார். ஆர்ம்ஸ்ட்ராங்கின் சிரிப்பைக் கிண்டல் செய்த கில்லெஸ்பிதான் மேடையில் அவருக்கு நெருங்கிய உறவு என்பது இந்த மூன்று நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஹெரிட்ஜ் இன்னொன்றும் செய்தார். 1959 ஏப்ரல் 2 அன்று டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸைத் தன் ஸ்டுடியோவுக்கு அழைத்தார். டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' இசைத்தட்டின் பாதி மார்ச் 2 அன்று பதிவாகியிருந்தது, மறுபாதி ஏப்ரல் 22இல்தான். அதாவது உலகம் இன்னும் கேட்காத 'சோ வாட்' இங்கே வாசிக்கப்படுகிறது. அவர் குழுவின் இரண்டு சாக்ஸபோன்காரர்களில் கேனன்பால் ஆடர்லி ஒற்றைத் தலைவலியால் வரவில்லை, அதனால் ஜான் கோல்ட்ரேனுக்கு இடம் தாராளம். டேவிஸ் தன் முறையை முடித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். கோல்ட்ரேன் வாசிக்கும்போது பின்னணியில், இசைக்கோர்ப்பாளர் கில் எவன்ஸ் குழுவின் ஆட்களோடு நின்று சிகரெட் பிடித்தபடி கேட்கிறார். சக கலைஞர் வாசிக்கும்போது முதுகைக் காட்டிப் போகிறவர் என்று டேவிஸ் மீது பெரிய புகார் உண்டு. இந்தப் படத்தைப் பார்த்தால் அந்தப் புகார் நிற்காது, அவர் கேட்க வசதியான இடத்துக்குப் போயிருக்கிறார். இது ஒளிபரப்பானது 1960 ஜூலையில்.

அறுபதுகளில் ராக் வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஜாஸ் கலைஞர்கள் பல்சுவை நிகழ்ச்சிகளின் பின்னணிக் குழுவில் சம்பளத்துக்கு வாசித்தார்கள், முன்னால் வருவது அரிது. நடுவில் சில நல்ல விபத்துகள். 1970 அக்டோபரில் ஜானி கேஷ் தன் நாஷ்வில் நிகழ்ச்சிக்கு ஆர்ம்ஸ்ட்ராங்கைக் கூப்பிட்டார். 1930இல் ஜிம்மி ராட்ஜர்ஸ் என்ற கிராமியப் பாடகரின் இசைத்தட்டில் ஆர்ம்ஸ்ட்ராங் டிரம்பெட் வாசித்திருந்தார், அட்டையில் பெயர் போடாமல். நாற்பது ஆண்டு கழித்து அதே பாட்டை இருவரும் சேர்ந்து வாசிக்கிறார்கள். ஆர்ம்ஸ்ட்ராங் தலையில் கௌபாய் தொப்பி. நோயிலிருந்து அப்போதுதான் மீண்டு டிரம்பெட்டைத் தொட அனுமதி கிடைத்திருந்தது. கேஷ் முகத்தைப் பார்க்க வேண்டும், தன் நிகழ்ச்சி என்பதையே மறந்த ரசிகர்.

அதே மாதங்களில் நியூயார்க்கில் ரஹ்சான் ரோலண்ட் கர்க் வேறு வழியில் போய்க்கொண்டிருந்தார். பார்வையற்றவர், மூன்று சாக்ஸபோன் வகைக் கருவிகளை ஒரே நேரத்தில் வாயில் வைத்து வாசிப்பவர். அவரும் டிரம்பெட் கலைஞர் லீ மார்கனும் இன்னும் பலரும் சேர்ந்து 'ஜாஸ் அண்ட் பீப்பிள்ஸ் மூவ்மென்ட்' தொடங்கினார்கள். இந்த நாட்டில் பிறந்த பெரிய கலை இது, தொலைக்காட்சியில் ஏன் இல்லை என்பதுதான் கேள்வி. ஆகஸ்டில் மெர்வ் கிரிஃபின் நடத்திய பேட்டி நிகழ்ச்சியின் பதிவுக்குப் பார்வையாளர்களாகப் போய் உட்கார்ந்தார்கள். சட்டைக்குள் விசில்கள், சின்னக் குழல்கள். கர்க் சைகை காட்டியதும் எல்லோரும் ஊதத் தொடங்கினார்கள், பதிவு நின்றது. அடுத்து டிக் காவெட்டின் பேட்டி நிகழ்ச்சி. அங்கே கலாட்டாவுக்குப் பிறகு சிலரை அழைத்து உட்காரவைத்துப் பேசவிட்டார்கள். வாசிக்க விடவில்லை.

எட் சல்லிவன் நிகழ்ச்சி வேறு விதமாகச் சமாளித்தது. கர்க்கையே கூப்பிட்டுவிட்டது. 1971 ஜனவரி 24. ஸ்டீவி வொண்டரின் 'மை ஷெரி அமோர்' வாசிப்பதாக ஏற்பாடு, வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிந்த மெட்டு. கர்க் கூட்டி வந்த ஆட்களைப் பார்த்தாலே சந்தேகம் வந்திருக்க வேண்டும். பாஸில் சார்ல்ஸ் மிங்கஸ், சாக்ஸபோனில் ஆர்ச்சி ஷெப், டிரம்ஸில் ராய் ஹேன்ஸ். வந்தவர்கள் மிங்கஸின் 'ஹெய்ட்டியன் ஃபைட் சாங்'கை எடுத்து விளாசிவிட்டுப் போய்விட்டார்கள். குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கிற ஞாயிறு இரவு நிகழ்ச்சியில் அப்படியொரு சத்தம் அதற்கு முன்பு வந்திருக்காது.

உண்மையைச் சொன்னால், அது கர்க்கின் நல்ல வாசிப்புகளில் ஒன்று இல்லை. அவசரம், நெரிசல், ஒலி அமைப்பு மோசம். தெரியாத ஒருவருக்கு ஜாஸ் அறிமுகம் செய்ய நான் இதைக் காட்ட மாட்டேன், பேஸி பார்க்க மாங்க் வாசிக்கும் துண்டைத்தான் காட்டுவேன். ஆனால் மற்ற எல்லாவற்றையும் பார்த்து முடித்தவர்கள் கடைசியாக இதைப் போட்டுப் பாருங்கள். ஏர்ல் வில்சனுக்குப் பார்க்கர் மரியாதையாகச் சொன்ன பதிலிலிருந்து பத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன, இந்த முறை யாரும் மரியாதை பார்க்கவில்லை. சில மாதங்களில் சல்லிவன் நிகழ்ச்சியையே சிபிஎஸ் நிறுத்திவிட்டது, வேறு காரணங்களுக்காக.